ஆல்ஃபா ஜிடிவி6: 3,000 சுற்றில் வரும் அதிர்வுக்கு யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். என் வண்டி 1984ஆம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி6. எஞ்சின் முன்னால், கிளட்சும் கியர்பாக்ஸும் பின்னால். ஆகவே இரண்டையும் இணைக்கும் நடுத்தண்டு எஞ்சின் வேகத்திலேயே சுழலும். வண்டி நின்றபடி நியூட்ரலில் இருந்தாலும், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தொட்டதும் தரைத்தகடு அதிர்கிறது, கியர்க் கம்பி கிடுகிடுக்கிறது. எனவே சக்கரங்கள் மேல் பழி போட வழியில்லை.

தண்டின் மூன்று ரப்பர் இணைப்புகளையும் அண்மையில் ஒரு பட்டறையில் மாற்றினார்கள். பழைய நிலையிலேயே திரும்பப் பூட்ட உதவும் அடையாளக் கோட்டைக் கழற்றும்முன் போடவில்லை. கேட்டால், "ரப்பர் பழகினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். பழகுவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

இணைப்புகளோடு சேர்த்து முழுத்தண்டையும் அதிராமல் சுழலும்படி சமன்செய்த (பேலன்சிங்) அனுபவம் யாருக்காவது உண்டா? நடு பேரிங்கையும் கையோடு மாற்றிவிடுவது நல்லதா?

இன்னொரு கவலை, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டின் ஹைட்ராலிக் டென்ஷனர், அதாவது எண்ணெயால் இயங்கி பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்யும் பாகம். எண்ணெய் கசிந்து பெல்ட்டின் ஓரம் பளபளக்கிறது. பெல்ட் போனால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அப்புறம் செலவுக்குக் கணக்கே கிடையாது. எண்ணெய் இல்லாத இயந்திர வகை டென்ஷனருக்கு மாறியவர்கள், எஞ்சின் சூடான பிறகு பெல்ட்டின் இறுக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மிலான் பக்கம் தண்டு சமன்செய்யும் நல்ல இடம் தெரிந்தாலும் எழுதுங்கள்.