புதுப்பிப்பு: டிவியில் சத்தம் வந்துவிட்டது

டிவிடிகளை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எம்பி4 கோப்பாக மாற்றினால் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு டிவியில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது. ஆடியோவைப் பாஸ்த்ரூவில், அதாவது மாற்றாமல் அப்படியே நகலெடுக்கும் அமைப்பில், விட்டிருந்தேன். வட்டில் இருந்த ஏசி3 5.1 (டால்பியின் ஆறு சேனல் ஒலி வடிவம்) அப்படியே கோப்புக்குள் போய்விட்டது. எங்கள் டிவி அதைப் படிக்காது.

இப்போது இரண்டு ஆடியோ டிராக் வைக்கிறேன். முதலில் ஏஏசி என்ற வடிவில் ஸ்டீரியோ, 160 கேபிபிஎஸ்; அடுத்து அதே ஏசி3, பாஸ்த்ரூவில். வரிசை முக்கியம், பல பிளேயர்கள் முதல் டிராக்கைத்தான் எடுக்கும்.

அப்புறம், ஏஏசி டிராக்குக்கு டிஆர்சியை (மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் அமைப்பு) 1.5 ஆக்கினேன். மெல்லப் பேசும் வசனமும் மேலே வருகிறது. பாஸ்த்ரூவில் இது வேலை செய்யாது. நேற்று ராத்திரி கடல்காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. அப்படியும் சத்தத்தைக் கூட்ட அம்மா ஒரு தடவைகூட ரிமோட்டைத் தேடவில்லை.