வீட்டில் நின்று பேசினால் மலிவு, ரோட்டுக்கு இறங்கினால் கூடின காசு. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

தலவாக்கலை ரீலோட் கடை:
ஜேர்மனியில் இருந்து வந்த மச்சான் சொன்ன கதை. 2000களில் அவருடைய போன் திரையில் குட்டி வீட்டுப் படம் தெரிந்தால் கோலுக்குக் காசு குறைவாம், படம் மறைந்தால் கூடுமாம். அந்தக் காலத்துப் போனில் ஜிபிஎஸ் ஏது? பிறகு எப்படி?

மலைப்பொடியன்:
அண்ணே, அது ‘ஜெனியோன்’ என்ற போன் திட்டம். ஜேர்மனியின் வியாக் இன்டர்கொம் என்ற போன் கம்பனி 1999இல் தொடங்கியது, பிறகு அந்தக் கம்பனி ஓ2 ஆனது. ஒவ்வொரு டவரும் தான் நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். சிம் அதை உங்கள் வீட்டு இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் படத்தைக் காட்டும். அதாவது நீங்கள் நிற்கும் இடத்தை அல்ல, டவர் நிற்கும் இடத்தைத்தான் பார்த்தது.

கொழுந்துக்கூடை:
ஆப்பிரிக்காவில் எம்டிஎன் கம்பனி இன்னொரு விதமாகச் செய்தது. டவரில் நெரிசல் குறைவென்றால் அந்த இடத்தில் விலைக்கழிவு கூடும், எத்தனை வீதம் என்று திரையிலேயே வரும். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. காலியாகக் கிடக்கும் டவரை வைத்து என்ன செய்வது?

தலவாக்கலை ரீலோட் கடை:
சரி, விளங்கிவிட்டது. ஆனால் வீட்டுப் படக் கதை நம்ம பக்கம் வந்தால் சண்டைதான். எங்கள் லயத்தில் குசினிக்குள் ஒரு டவர் பிடிக்கும், இஸ்தோப்புக்கு வந்தால் நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்க மலை டவர். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு நடந்து நடந்துதான் பேசுவார். பில்லைப் பார்த்துவிட்டு என் கடைக்குத்தானே வருவார்கள்!

மலைப்பொடியன்:
அப்போ அம்மாவைக் குசினியிலேயே பேசச் சொல்லுங்கள் அண்ணே 😄