கிரிட்டிக்கல் பாயிண்ட் பக்கத்துல பிஎஸ்வி சைஸிங்: லேட்டன்ட் ஹீட்டுக்கு என்ன போடறது?

வெசல்_விசாரி:
ஒரு சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) வெசல், அதோட பிஎஸ்வி (பிரஷர் அதிகமானா தானா திறக்கற சேஃப்டி வால்வு) செட் பிரஷர் 70 பார்ஜி (காத்து அழுத்தத்துக்கு மேல 70 பார்). ஃபயர் கேஸுக்கு (வெளிய தீப்பிடிச்சா) செட்டுக்கு மேல ஏற விடற 21% அக்குமுலேஷன் சேர்த்தா ரிலீவிங் பிரஷர் 85.7 பாரா (காத்து அழுத்தத்தையும் சேர்த்து) வருது, ஆனா சிஓடூக்கு கிரிட்டிக்கல் பிரஷரே 73.8 தான். அப்போ அந்த பிரஷர்ல லிக்விட், வேப்பர்னு ரெண்டா பிரிக்கவே வழியில்ல, லேட்டன்ட் ஹீட்டும் (ஒரு கிலோ லிக்விட ஆவியாக்கத் தேவையான சூடு) கிடையாது. சீனியர் கேட்டா "லேட்டன்ட் ஹீட்டுக்கு கிலோவுக்கு 115 கிலோஜூல் போட்டு முடிச்சிடு"ங்கறார். நார்மல் லெவல் வரைக்கும் வெட்டட் ஏரியா (லிக்விட் தொடற சுவர்) 20 சதுர மீட்டர், எஃப் (இன்சுலேஷனுக்கான ஃபாக்டர்) 1, தீயோட சூடு கணக்கு போடற அந்த 43200 ஃபார்முலாவுல 504 கிலோவாட் வருது, 115ஆல வகுத்தா விநாடிக்கு 4.4 கிலோ. சரி வால்வு சைஸுக்கு அத வேப்பர் ஃபார்முலாவுல போடலாம்னு பாத்தா அது கே (சிபி/சிவி, ரெண்டு வகை வெப்ப ஏற்புத்திறனோட விகிதம்) கேக்குது, சிமுலேட்டர்ல அத எடுத்தா ரெண்டு டிகிரி தள்ளி வச்சாலே நம்பர் எங்கயோ போயிடுது. எத நம்பறது?

என்தால்பி_அக்கா:
115ங்கறது கம்ப்யூட்டர் இல்லாத காலத்து கைக்கணக்கு. ஏபிஐ 521ல (பிரஷர் ரிலீஃபுக்கான ஸ்டாண்டர்டு) இருக்கறது உண்மைதான், ஆனா தோராயத்துக்குத்தான். இப்போ அதுக்கு அவசியமே இல்ல.

இப்படி யோசிங்க. ரிலீவிங் பிரஷர் வந்ததும் பிரஷர் ஏறாது, வெசல் வால்யூமும் மாறாது, சூடு மட்டும் உள்ள போயிட்டே இருக்கு, உள்ள இருக்கறது விரியுது, விரிஞ்ச அளவு வெளிய போயே ஆகணும். அவ்வளவுதான் விஷயம், கொதிக்கறதுங்கற பேச்சே இல்ல. கணக்கா எழுதினா வெளிய போற மாஸ் ரேட் = கியூ × பீட்டா ÷ சிபி. கியூன்னா விநாடிக்கு உள்ள போற சூடு, சிபின்னா பிரஷர மாத்தாம ஒரு கிலோவ ஒரு டிகிரி ஏத்தத் தேவையான சூடு, பீட்டான்னா பிரஷர மாத்தாம சூடாக்கினா எவ்வளவு விரியுதுங்கற கோஎஃபிஷியன்ட். கிரிட்டிக்கல் பாயிண்ட்கிட்ட பீட்டாவும் சிபியும் தனித்தனியா பாத்தா வானத்துக்கு எகிறும், ஆனா ரெண்டும் சேந்தே எகிறறதால வகுத்தா ஒழுங்கான நம்பர் வரும். முதல்ல வால்யூம மாத்தாம 85.7 வரைக்கும் சூடாக்குங்க, அங்கிருந்து பிரஷர பிடிச்சு வச்சுட்டு ஒண்ணு ரெண்டு டிகிரியா ஏத்தி ஒவ்வொரு ஸ்டெப்லயும் ரேட் எடுங்க.

இன்னொண்ணு, அந்த 20 சதுர மீட்டர்ல எனக்கு சந்தேகம் இருக்கு. உள்ள இருக்கற மொத்த மாஸ வெசல் வால்யூமால வகுத்துப் பாருங்க. கன மீட்டருக்கு 468 கிலோவுக்கு (சிஓடூவோட கிரிட்டிக்கல் டென்சிட்டி) மேல வந்தா, சூடாக சூடாக லிக்விட் விரிஞ்சு லெவல் ஏறி வெசல் முழுக்க நிரம்பிடும், ஃபில் அதிகமா இருந்தா செட் பிரஷர் வர்றதுக்கு முன்னாடியே கூட. அப்போ நார்மல் லெவலுக்கு அர்த்தமே இல்ல, தீ எரியற மட்டத்துலேந்து 7.6 மீட்டர் உயரத்துக்குள்ள வர்ற மொத்தப் பரப்பையும் எடுக்கறதுதான் நியாயம்.

நாசில்_நண்பன்:
அக்கா சொன்னது ரேட்டுக்கு. ஓரிஃபிஸுக்கு (வால்வோட ஓட்டை சைஸ்) வந்தா அந்த கேய தூக்கிப் போட்டுடுங்க தம்பி. இசட் (ஐடியல் கேஸ்லேந்து எவ்வளவு விலகுதுன்னு காட்டற நம்பர்) 0.8க்குக் கீழ போனாலே அந்த வேப்பர் ஃபார்முலா தடுமாறும், இங்க அதுக்கும் ரொம்பக் கீழ இருப்பீங்க. ரெண்டு ஃபேஸ் ஃப்ளோவுக்கான சுருக்குவழியான ஒமேகா மெத்தடும் கிரிட்டிக்கல் பக்கத்துல சரிப்படாது. ஏபிஐ 520ல (வால்வு சைஸிங் ஸ்டாண்டர்டு) நாசில நேரா இன்டக்ரேட் பண்ற முறை இருக்கே அதுதான் வழி: என்ட்ரோபிய மாத்தாம பிரஷர கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க, ஒவ்வொரு இடத்துலயும் டென்சிட்டி × ரூட் (2 × என்தால்பி டிராப்) போடுங்க, அது எங்க உச்சத்துக்குப் போகுதோ அதுதான் சோக் (அதுக்கு மேல ஃப்ளோ ஏறாத இடம்). உள்ள ஒரே ஃபேஸா நுழைஞ்சாலும் நாசில் வழியில ரெண்டு ஃபேஸ் ஏரியாவுக்குள்ள விழ நல்ல வாய்ப்பு இருக்கு, அதனால ஃபிளாஷ் கணக்கு (எவ்வளவு லிக்விட், எவ்வளவு வேப்பர்னு பிரிக்கறது) ஆன்ல இருக்கணும். பெங்-ராபின்சன் ஈக்வேஷன் இந்த இடத்துல டென்சிட்டிய சொதப்பும், ப்யூர் சிஓடூன்னா ஸ்பான்-வாக்னர் போடுங்க, கூல்ப்ராப் சாஃப்ட்வேர்ல ஃப்ரீயாவே கிடைக்குது.

வெசல்_விசாரி:
நன்றி அக்கா, அண்ணா. அப்போ மாஸ் ரேட் எந்த டெம்பரேச்சர்ல அதிகமோ அங்க ஏரியா எடுத்தா போதுமா?

என்தால்பி_அக்கா:
போதாது, இங்கதான் நிறைய பேர் வழுக்கறாங்க. சூடு ஏற ஏற டென்சிட்டி குறையும், நாசில் வழியா போகக்கூடிய மாஸ் ஃபிளக்ஸும் (ஒரு சதுர மீட்டர் ஓட்டைக்கு விநாடிக்கு எத்தனை கிலோ) அதோட குறையும். அதனால மாஸ் ரேட் உச்சமும் ஏரியா உச்சமும் ஒரே ஸ்டெப்ல வரணும்னு இல்ல. ஒவ்வொரு ஸ்டெப்லயும் ரேட்ட ஃபிளக்ஸால வகுத்து ஏரியா எடுத்து, அதுல பெருசு எதுவோ அத சைஸா வைங்க.

கேஸ்கெட்_கைகாரன்:
ஃபீல்டு பக்கத்துலேந்து ரெண்டு வார்த்தை. 115 போட்டு வந்த ஏரியாவோட மேல "சேஃப்டிக்கு" இன்னொரு லெட்டர் (ஓரிஃபிஸ் சைஸுக்கான எழுத்து) ஏத்தி வாங்காதீங்க, பெருசா இருந்தா வால்வு படபடன்னு அடிச்சுக்கும். இன்லெட் பைப்ல பிரஷர் லாஸ் செட் பிரஷர்ல 3%க்குள்ள இருக்காங்கற கணக்க வால்வோட ரேட்டட் ஃப்ளோவுக்குப் போடுங்க, தேவைப்பட்ட ஃப்ளோவுக்கு இல்ல.

அப்புறம் சிஓடூ 5.2 பாராவுக்குக் கீழ லிக்விடா இருக்கவே இருக்காது, குளிர்ந்தா நேரா டிரை ஐஸ். டெயில் பைப்ல (வால்வுக்கு அப்புறம் வர்ற குழாய்) வளைவு, பாக்கெட் எதுவும் இல்லாம நேரா, குட்டையா விடுங்க.

தீ ரொம்ப நேரம் எரிஞ்சா வால்வு ஒழுங்கா திறந்திருந்தாலும் வெசல் தாங்காது, ஏன்னா லிக்விட் தொடாத சுவர் சூடாகி ஸ்டீல் பலம் போயிடும். 593 டிகிரி பக்கம் வந்தாச்சுன்னா பிரஷர் செட்டுக்குள்ள இருந்தும் கிழியும். அதுக்கு பிஎஸ்வி பதில் இல்ல, டீப்ரஷரிங் (பிரஷர வேணும்னே வேகமா இறக்கற வசதி) இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஃபயர்ப்ரூஃப் இன்சுலேஷன். இன்சுலேஷன் போட்டா எஃப் 1லேந்து இறங்கும், மேல போட்ட கணக்கெல்லாம் திருப்பி ஓட்டணும்.