மணி சரியா வருது, முருகன் உடையுறார்: பைத்தான் ஸ்கிரிப்டில் உதவி வேணும்

கேள்வி:
ஊர்த் திருவிழா நன்கொடைப் பட்டியல், தெருவுக்கு ஒண்ணா 11 டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் அடிச்சது. எல்லாத்தையும் சேர்த்துப் பேர் வரிசையில் அடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். விண்டோஸில் ஓட்டினா 0எக்ஸ்8டி பைட்டை டிகோட் பண்ண முடியலைன்னு எரர். எங்கேயோ பார்த்து, எரர்ஸ்னு வர்ற இடத்தில் இக்னோர்னு போட்டேன். எரர் போச்சு. ஆனா கமலா, மணி, ராதா எல்லாம் நல்லா இருக்காங்க. முருகன், ஏகாம்பரம், ஐயப்பன் பேரில் மட்டும் கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி. தம்பியோட லினக்ஸ் லேப்டாப்பில் அதே ஸ்கிரிப்ட் ஒழுங்கா ஓடுது. ஃபான்ட் கோளாறா?

பதில் 1:
ஃபான்ட் மேல பழி போடாதீங்க. கம்ப்யூட்டர் எழுத்தை எண்களா மாத்திச் சேமிக்கிற முறைக்குப் பேர் என்கோடிங், அதில் ஒண்ணு யூடிஎஃப்-8. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், அதாவது 0 முதல் 255 வரைக்குள்ள மூணு எண். புள்ளின்னா 224, 175, 141. நீங்க என்கோடிங் சொல்லாம ஃபைலைத் திறந்ததால, உங்க விண்டோஸ் அதை விண்டோஸ்-1252ங்கிற வேற என்கோடிங்னு எடுத்துக்குது. லினக்ஸில் பேசாமலே யூடிஎஃப்-8தான். அந்த 1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 அஞ்சும் காலி இடம். 141 புள்ளியோட கடைசி பைட் (உங்க எரரில் வந்த 0எக்ஸ்8டி இதுதான்), 129 உகரக் குறியோடது, 143 ஏ, 144 ஐ. இக்னோர் போட்டதும் அந்த பைட்டுகளைத் தூக்கி எறிஞ்சிட்டு மிச்சத்தை அப்படியே எழுதிடுச்சு. மணியில் இந்த நாலும் இல்லை, தப்பிச்சார். முருகனுக்கு மூணு இடத்தில் அடி.

படிக்கும்போதும் எழுதும்போதும், ரெண்டு இடத்திலயும் என்கோடிங் யூடிஎஃப்-8னு கொடுங்க. இக்னோரை எடுத்துடுங்க, எரராவது உண்மையைச் சொல்லிச்சு.

கேட்டவர்:
நன்றிண்ணா. உடைஞ்ச ஃபைலையே சரி பண்ண முடியுமா? அதில் கையால நிறைய தொகை திருத்திட்டேன்.

பதில் 1:
முடியாது தம்பி. 224, 175ன்னு மட்டும் நிக்குது. தொலைஞ்சது புள்ளியா உகரமான்னு ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. மூல ஃபைலில் இருந்து திரும்ப ஓட்டி, தொகையை மட்டும் மாத்துங்க.

கேட்டவர்:
ஓட்டிட்டேன், பேரெல்லாம் சுத்தம். ஆனா மேல வரவேண்டிய அமுதா பட்டியலோட கடைசியில் நிக்கிறாங்க. அவங்க பேரில் எதுவும் உடையலை.

பதில் 2:
அவங்க ஒரு ஃபைலோட முதல் வரியா இருந்தாங்களா? 2019க்கு முந்தைய நோட்பேட் யூடிஎஃப்-8ல சேமிச்சா, ஃபைல் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைக்கும், பேரு பிஓஎம். அது அமுதாவுக்கு முன்னாடி ஒட்டிக்கிச்சு. அதோட எண் தமிழ் எழுத்துகளைவிட ரொம்பப் பெரிசு, ஸ்கிரிப்ட் எண்ணை வெச்சு அடுக்குறதால கடைசிக்குப் போயிட்டாங்க. படிக்கிற இடத்தில் மட்டும் யூடிஎஃப்-8-சிக் போடுங்க, குறி இருந்தாலும் இல்லாட்டியும் ஓடும்.

கேட்டவர்:
அமுதா மேல வந்துட்டாங்க 🙏