ஹெலியின் மூக்கு என் பக்கம் திரும்பினால் கை ஓடவில்லை, எப்படிப் பழகுவது?

கேள்வி

இதுவரை வீட்டுக்குள் ரிமோட்டில் ஓடும் ஒரு சின்ன கோஆக்சியல் ஹெலிகாப்டர்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர் எதிரெதிராகச் சுற்றும், ஸ்டிக்கை விட்டாலும் அது பாட்டுக்கு நிற்கும். அந்தத் தைரியத்தில் போன மாதம் 450 அளவு கலெக்டிவ் பிட்ச் ஹெலி (பிளேடின் கோணத்தை மாற்றி ஏறி இறங்குவது) ஒன்று வாங்கினேன். வால் என் பக்கம் இருக்கும்வரை முட்டி உயரத்தில் பத்துப் பதினைந்து விநாடி நிறுத்திவிடுகிறேன். நேற்று லேசாகக் காற்றடித்து, ஹெலி மெல்லத் திரும்பி மூக்கு என்னைப் பார்த்தது. என் வலப்பக்கம் நகர்கிறதே என்று ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினேன், அது இன்னும் வேகமாக வலப்பக்கமே சாய்ந்தது. அப்புறம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. த்ராட்டிலை ஒரேயடியாகக் கீழே இழுத்தேன். பிளேடு தரையில் அடித்து உடைந்து ஒரு துண்டு என் காதோரமாக விர்ரென்று போனது. நான் நின்றது நாலு மீட்டர் தள்ளி.

இதை விட மனமில்லை. ஆனால் மறுபடி பேட்டரியைச் செருகவே பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1

நாலு மீட்டர் என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. 450-இல் பிளேடு ஒவ்வொன்றும் சுமார் 325 மி.மீ., ரோட்டர் வட்டம் ஏறக்குறைய 70 செ.மீ. நிமிடத்துக்கு 2,700 சுற்று என்று வைத்தால் பிளேடு நுனி மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நான் பத்து மீட்டருக்குக் குறைந்து நிற்பதே இல்லை, பக்கத்தில் குழந்தைகளோ நாயோ இருந்தால் ஹெலியைப் பையிலிருந்து எடுப்பதும் இல்லை.

அடுத்தது, த்ராட்டில் ஹோல்ட், அதாவது மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்ச். நீங்கள் செய்ததைத்தான் பயத்தில் எல்லாரும் செய்கிறோம், ஆனால் கலெக்டிவ் பிட்ச் ஹெலியில் அந்த ஸ்டிக் மோட்டாரை மட்டுமல்ல, பிளேடின் கோணத்தையும் சேர்த்துத்தான் மாற்றுகிறது, அதனால் அடிமட்டத்துக்கு இழுத்தால் பல செட்டப்பில் பிட்ச் நெகட்டிவுக்குப் போய் ரோட்டரே ஹெலியைத் தரையில் கொண்டுபோய் அழுத்தும். ஐடில்-அப்பில் (ஸ்டிக்கைக் கீழே இழுத்தாலும் மோட்டார் வேகமாகச் சுற்றும் மோடில்) இருந்தால் மோட்டார்கூட நிற்காது. ஹோல்ட் சுவிட்ச் அப்படியில்லை. மோட்டார் ஓட்டம் நின்றுவிடும், பிட்ச் (பிளேடின் கோணம்) உங்கள் கையிலேயே இருக்கும். முட்டி உயரத்திலிருந்து பொத்தென்று விழுந்தால் ஸ்கிட் (ஹெலி நிற்கும் கால்) வளையும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

எந்த மோடில் இருந்தாலும் ஹோல்ட் போட்டால் த்ராட்டில் 0-க்கு வருகிறதா என்று பிளேடுகளைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடிக்கும் ரிமோட்டை) முதலில் ஆன் செய்து, ஹோல்ட் போட்ட பிறகே பேட்டரியைச் செருகுங்கள். நடந்து உங்கள் இடத்துக்கு வந்த பிறகுதான் ஹோல்டை எடுக்க வேண்டும். இறக்கியதும் மறுபடி ஹோல்ட், பிளேடு முழுசாக நின்ற பிறகே கிட்டே போக வேண்டும்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கணினி சிமுலேட்டரில் பழகுங்கள், ரியல்ஃப்ளைட் மாதிரி எதுவானாலும் சரி, உங்கள் சொந்த டிரான்ஸ்மிட்டரை இணைத்து ஓட்டுங்கள். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட தினம் இருபது நிமிடம் நல்லது. விழப்போகிறது என்று தெரிந்ததும் எல்லாரும் ரீசெட்டைத் தட்டுகிறார்கள், அது கெட்ட பழக்கம். தரையைத் தொடும் முன் ஹோல்டைத் தட்டுங்கள், ஒவ்வொரு முறையும். ஒரு மாதத்தில் விரல் தானாகப் போகும்.

மூக்கு உங்களைப் பார்க்கும்போது இடம் வலம் என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்கிற பக்கம்தானே முட்டுக் கொடுப்போம்? அதேபோல ஹெலி எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைக் கொடுங்கள். நேற்று நீங்கள் வலப்பக்கம் கொடுத்திருந்தால் நிமிர்ந்திருக்கும். ஆனால் நேரே அங்கே போகாதீர்கள். வால் உங்கள் பக்கம் இருக்க நன்றாக நின்றதும் பக்கவாட்டுக்குப் பாதி திருப்புங்கள், அப்புறம் இடப் பக்கவாட்டு, வலப் பக்கவாட்டு, கடைசியில் மூக்கு.

முட்டி உயரம் பாதுகாப்பு என்று தோன்றும், எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோட்டர் தள்ளும் காற்று தரையில் பட்டு அங்கே குழம்புகிறது, ஹெலி வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேலே ஏற்றினால் அமைதியாகிவிடும், தவறைத் திருத்த நேரமும் கிடைக்கும்.

பதில் 3

இப்போது கையில் இருக்கும் ஹெலியைப் பார்ப்போம். பிளேடு தரையில் அடித்தால் பிளேடு மட்டும் மாற்றிவிட்டுப் பறக்கக் கூடாது. மெயின் ஷாஃப்டையும் பிளேடு பிடிக்கும் ஸ்பிண்டிலையும் கழற்றி, கண்ணாடி மேல் வைத்து உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் வளைந்திருக்கிறது. மெயின் கியரின் பல்லை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உடையாத பிளேடையும் வேரிலிருந்து நுனிவரை நகத்தால் தடவுங்கள், மயிரிழை விரிசல் இருந்தாலும் தூக்கிப்போடுங்கள்.

கழற்றி மாட்டிய பிறகு கைரோ (வால் தானாகத் திரும்பாமல் பிடிக்கும் சென்சார்) எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதும் முக்கியம். மோட்டார் வயர்களைப் பிரித்துவிட்டு வாலைக் கையால் வெடுக்கென்று திருப்பினால், வால் சர்வோ (வால் பிளேடின் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டார்) அதை எதிர்க்கும் பக்கம் நகர வேண்டும். தலைகீழாக இருந்தால் தரையை விட்டதுமே பம்பரம்தான்.

அடிபட்ட லிப்போ பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள். உப்பியிருந்தால் அது முடிந்தது. நல்ல பேட்டரியானாலும் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் இழுக்காமல் டைமர் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் நாலு நிமிடம் போதும். அடுத்த வாரம்தான் பறப்பது என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள்.

ஸ்கிட்டின் கீழே குறுக்காகக் கட்டும் பந்து முனைக் கம்புகள் உதவும், ஆனால் புல்லில் மாட்டினால் அதுவே கவிழ்த்துவிடும். வழவழப்பான தரையில் மட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஸ்பிண்டிலைக் கண்ணாடியில் உருட்டினேன், நடுவில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. கண்ணால் பார்த்தபோது நேராகத்தான் இருந்தது! புதிதாக ஸ்பிண்டில், பிளேடு இரண்டும் வாங்கப்போகிறேன். சோதித்ததில் என் ஹோல்ட் சாதாரண மோடில் மட்டும்தான் வேலை செய்தது, ஐடில்-அப்பில் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்துவிட்டேன். சிமுலேட்டரில் இன்று இருபது நிமிடம், பதினோரு முறை விழுந்ததில் நாலு முறை ஹோல்டுக்கு விரல் போனது.