2007-ல் வெறுத்துவிட்டு வந்த பாங்காக்: இப்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பழையபாஸ்போர்ட்:

கல்யாணத்துக்கு முன்னால், 2007-ல், அலுவலக நண்பர்கள் நாலு பேர் பாங்காக் போனோம். எனக்கு அந்த ஊர் கொஞ்சமும் பிடிக்கவில்லை. விமான நிலையத்தில் ஆயிரம் பாட் (தாய்லாந்துக் காசு) பணத்தையும் புகைப்படத்தையும் கையில் பிடித்துக்கொண்டு விசா வரிசையில் ஒன்றரை மணி நேரம், வெளியே வந்தால் மீட்டர் போட மாட்டேன் என்கிற டாக்சி. மறுநாள் அரண்மனைக்கு நடந்து போனோம். வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, தேய்த்த சட்டை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் மறித்து, "இன்று உள்ளே பூஜை, மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள், அதுவரை 20 பாட்டுக்கு டுக்டுக் ஆட்டோவில் மூன்று கோயில் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். ஏறினோம். ஒரு கோயில் பார்த்தோம், அப்புறம் நகைக்கல் கடை, அப்புறம் தையல் கடை, அப்புறம் இன்னொரு கல் கடை. எங்களில் ஒருவன் நீலக்கல் என்று ஒன்றை வாங்கினான். ஊரில் கொண்டுபோய்க் காட்டினால் ஆசாரி கையில் வாங்கக்கூட இல்லை, பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இப்போது மனைவி பாங்காக் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அவளோடு வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு போய்வந்து, இவ்வளவு வசதியான ஊரே இல்லை என்கிறாராம். என் சித்தப்பா மகன் போன வருடம் போனான், அவன் "எல்லாம் விலை ஏறிப்போச்சு அண்ணா, அந்த ஊர் செத்துப்போச்சு" என்கிறான். இவர்கள் மூன்று பேரும் சொல்வதும் ஒரே ஊர்தானா என்று எனக்குச் சந்தேகம். கூட வருவது என் அம்மா, 67 வயது, சுத்த சைவம், முட்டிவலி உண்டு. பழைய கோபத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லலாமா, கூடாதா?

துணிமூட்டை:

சார், நான் 2004-லிருந்து துணி எடுக்க பிரதுனாம் சந்தைக்குப் போய்வருகிறேன், வருடத்துக்கு ஒரு தடவையாவது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களை ஏற்றிய அந்த டுக்டுக் கதை இன்னும் நடக்கிறது. அரண்மனை பெரும்பாலும் தினமும் காலை எட்டரைக்குத் திறந்து மூன்றரை வரை டிக்கெட் கொடுக்கிறது. மூடியிருக்கிறது என்று சொல்கிறவர் டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்திருந்தால் மட்டும் நம்புங்கள்.

ஆனால் அந்த ஆள் கையில் நீங்கள் சிக்குவதற்கு அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது. பழைய ஊர்ப்பக்கம் ரயிலே கிடையாது. மேலே ஓடும் ஸ்கைட்ரெயின் 1999-ல் வந்தது, பாதாள ரயில் 2004-ல் வந்தது, இரண்டும் அரண்மனைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டாக்சி, டுக்டுக், படகு, இதில் முதல் இரண்டுக்கும் வாயால் பேரம் பேசியாக வேண்டும், ஊருக்குப் புதுசு என்று நம் முகத்திலேயே எழுதியிருக்கும். 2019-ல் பாதாள ரயிலின் நீலப் பாதையை ஆற்றுக்கு அடியில் கொண்டுபோய் அந்தப் பக்கம் நீட்டினார்கள். இப்போது சனாம் சாய் நிலையத்தில் இறங்கினால் படுத்த புத்தர் இருக்கிற வாட் போ கோயிலுக்கு நடந்தே போய்விடலாம், அங்கிருந்து அரண்மனை கூப்பிடு தூரம். அந்த நிலையத்தையே தர்பார் மண்டபம் மாதிரி தூணும் தங்க வேலையுமாகக் கட்டியிருக்கிறார்கள், அம்மா அங்கேயே ஒரு போட்டோ கேட்பார். விமான நிலையத்திலிருந்தும் 2010 முதல் ரயில் உண்டு, ஊருக்குள் பாயா தாய் நிலையம் வரை 45 பாட். மூட்டை முடிச்சு அதிகம் என்றால் கீழ்த்தளத்தில் இயந்திரத்தில் டாக்சிக்கு வரிசைச் சீட்டு எடுங்கள், மீட்டருக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணம், சுங்கச்சாலைக் காசு தனி. ஊருக்குள் செயலியில் வண்டி கூப்பிட்டால் சண்டையே இல்லை. ஓட்டுநர்கள் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை, நாம் அவர்களிடம் கெஞ்ச வேண்டிய இடம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

விலை விஷயத்தில் உங்கள் தம்பி சொல்வது பொய் இல்லை, ஆனால் அவர் திட்டுவது தப்பான ஆளை. 2007-ல் ஒரு பாட் ஒன்றேகால் ரூபாய்க்குள் இருந்தது. இப்போது இரண்டரை ரூபாய்க்கு மேல். அவர்கள் ஒரு பைசா ஏற்றாமல் இருந்தாலும் நமக்கு இரண்டு மடங்கு. நான் மொத்தமாகத் துணி எடுக்கிறவன், இந்தக் கணக்கு எனக்கு ராத்திரித் தூக்கத்தில்கூட வரும்.

ராத்திரிப்பூ:

துணிமூட்டை அண்ணா சொல்வது வந்து இறங்குகிறவர்களுக்குச் சரி. எனக்குப் பிடித்த பாங்காக் வேறு. பாக் க்ளாங் தலாத் பூச்சந்தையில் நள்ளிரவு தாண்டி நடைபாதை முழுக்க சாமந்தி மூட்டை, ஐஸ் தண்ணீர் சொட்டும் தாமரைக் கட்டு, அதற்கு நடுவில் ஒரு பாட்டி ஸ்டூல் போட்டு நூடுல்ஸ் விற்பார், குழம்பில் என்ன கறி என்று நான் கேட்டதில்லை. 2014 ராணுவ ஆட்சிக்குப் பிறகு நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஆரம்பித்து, 2016-ல் அங்கேயும் நடைபாதைக் கடைகளைத் தூக்கினார்கள். சந்தை இருக்கிறது, பூ இருக்கிறது, கட்டடத்துக்குள் இருக்கிறது. ஹுவா லாம்போங் ரயில் நிலையமும் அப்படித்தான், தூர வண்டிகளை எல்லாம் 2023 ஜனவரியில் பாங் சூ பக்கம் கட்டிய புது நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். புது நிலையம் பெரிசு, ஏசி, நடந்தால் கால் வலிக்கிறது. அங்கே யாரும் செய்தித்தாளை விரித்துப் படுத்துத் தூங்குவதில்லை. உங்கள் அம்மாவுக்கு அதுதான் வசதி, தெரியும், இருந்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இதையே ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரரிடம் புலம்பினேன். அவர் நான் பிறப்பதற்கு முன்பே அந்த ஊருக்கு வந்துபோனவராம், 1990-லேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்.

சீலோம்காரி:

கணவர் வேலைக்காக ஐந்து வருடம் அங்கே இருந்தேன். அண்ணா, அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் மாதம் பார்த்துப் போங்கள். நம் ஆட்கள் ஜனவரி, பிப்ரவரி குளுகுளு என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில்தான் புகைமூட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2019 ஜனவரியில் அதனால் பள்ளிகளையே மூடினார்கள். 2025 ஜனவரியில், காரை எடுக்காதீர்கள் என்று ஒரு வாரம் ரயிலையும் பஸ்ஸையும் இலவசமாக விட்டார்கள். ஏப்ரலில் வெயில் ஆளைக் கொன்றுவிடும். நவம்பர் கடைசி, டிசம்பர் என்றால் பரவாயில்லை.

சாப்பாட்டுக்கு ஒரு வழி. 'சைவம்' என்று மொட்டையாகச் சொன்னால் கறியை மட்டும் விட்டுவிட்டு மீன் சாறு ஊற்றித் தருவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. 'ஜே' என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் போட்டிருப்பார்கள், பார்த்தால் 17 என்று எழுதினது போலவே இருக்கும். என் அம்மா வந்த புதிதில் "எல்லாக் கடைக்கும் ஏன் ஒரே நம்பர்?" என்று கேட்டார். பூண்டு, வெங்காயம்கூட இருக்காது, உங்கள் அம்மாவுக்கு ஏகாதசிக்கே சரிப்படும்.

அப்புறம் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 19-ம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டினது, ஊர்க்காரர்கள் வாட் கேக் என்பார்கள். வெளியே மாலைக் கடையில் நிற்பதிலும் உள்ளே கும்பிடுகிறதிலும் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்களும் சீனர்களும்தான். என் அம்மா முதல் நாள் "இவங்களுக்கு என்ன தெரியும்" என்கிற பார்வையோடு நின்றார். பக்கத்தில் ஒரு பெண் காலேஜ் சீருடையில், தேங்காயும் பூவும் தட்டில் வைத்து, கண்ணை மூடி அரைமணி நேரம் அசையவில்லை. மூன்றாம் நாள் அம்மா அந்தப் பெண்ணைத் தேடினார்.

முட்டிவலிக்கு மட்டும் எச்சரிக்கை: நடைபாதை மேடும் பள்ளமும், சில ஸ்கைட்ரெயின் நிலையங்களில் லிஃப்ட் எந்த மூலையில் என்று தேட வேண்டும், ஆற்றுப் படகு துறையில் நிற்கும்போது ஆடும். வாட் அருண் கோயில் படி ரொம்பச் செங்குத்து, கீழே இருந்தே பார்க்கட்டும். சாயங்காலம் லும்பினி பூங்காவில் ஆளுயர உடும்புகள் குளத்திலிருந்து ஏறி வரும், பயப்பட வேண்டாம். ஆறு மணிக்கு தேசிய கீதம் போட்டதும் ஓடுகிறவர்கள் எல்லாரும் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நின்றுவிடுங்கள்.

பழையபாஸ்போர்ட்:

எல்லாருக்கும் நன்றி. டிசம்பர் முதல் வாரம் என்று மனைவி முடிவே செய்துவிட்டாள். விசா, அரண்மனைக்குப் புடவை, இந்த இரண்டும் மட்டும் சொல்லுங்கள்.

துணிமூட்டை:

புடவை நல்லது, ரவிக்கைக்குக் கை இருக்க வேண்டும், உங்களுக்கு அரைக்கால்சட்டை கூடாது. டிக்கெட் ஆளுக்கு 500 பாட். விசா 2023 நவம்பரிலிருந்து வேண்டாம் என்றாயிற்று, 2024 ஜூலையில் 60 நாளாக்கினார்கள், அவர்கள் இதை அடிக்கடி மாற்றுகிறவர்கள், கிளம்புமுன் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், காசு கிடையாது. காசு கேட்டால் அது போலித் தளம்.

அம்மா மார்கழியில் திருவெம்பாவை படிக்கிறவர் என்றால் சாம் யோட் நிலையத்தில் இறங்கி ராட்சத ஊஞ்சல் பக்கம் போங்கள். அருகிலேயே தேவஸ்தான், 1784-ல் முதலாம் ராமா மன்னர் கட்டிய பிராமணர் கோயில், அங்கே நடக்கும் சடங்குக்குப் பெயரே திரியம்பாவாய். ஊஞ்சல் ஆடுவதை 1935-ல் நிறுத்திவிட்டார்கள், தூண்கள் மட்டும் நிற்கின்றன. பழைய தூண்களை எடுத்துவிட்டுப் புதுத் தேக்கில் செய்து நிறுத்தினது 2007-ல், நீங்கள் கல் கடையில் உட்கார்ந்திருந்த அதே வருடம்.

பழையபாஸ்போர்ட்:

அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், திரியம்பாவாய் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு இப்போதே பெட்டியைக் கீழே இறக்கச் சொல்கிறார். நீலக்கல் வாங்கினவனும் குடும்பத்தோடு வருகிறானாம். கல்லையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.