எடிஷனுக்குத் தமிழ்ச்சொல்: ‘பதிப்பு’ ஏன் போதாது

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ரஸ்ட் என்னும் நிரல்மொழியின் நிறுவல் வழிகாட்டிக்காக நாம் திரட்டிவரும் சொற்பட்டியலில் வெர்ஷன், எடிஷன் ஆகிய இரண்டுக்கும் எதிரே ‘பதிப்பு’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. அச்சு நூல்களைப் பற்றிப் பேசும்போது இதனால் பெரிய கேடில்லை. ரஸ்டில் இவை தனித்தனியே மாறும் இரு வேறு பொருள்களாகையால், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைப்பது வாசகரைத் தவறான கட்டளையை இடும்படி செய்துவிடும். எனவே எடிஷனுக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதே என் கருத்து. அச்சொல் ‘மொழிவழக்கு’ ஆகலாம் என்று முன்மொழிகிறேன்.

முதலில் வெளியீட்டு முறையைப் பார்க்கலாம். 2015 மே 15 அன்று 1.0 வந்ததிலிருந்து, நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் எனப்படும் தொகுப்பி ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. இரவுதோறும் கட்டப்படும் நைட்லியிலிருந்து பீட்டா பிரிகிறது. ஆறு வாரம் சோதிக்கப்பட்ட பின் அந்த பீட்டாவே எல்லோருக்குமான ஸ்டேபிள் ஆகிறது. இடையில் பிழை தென்பட்டால் காத்திராமல் திருத்தம் வரும்: 2021 மே 6 அன்று 1.52.0 வெளியானது, நான்கே நாளில், மாறிய பகுதிகளை மட்டும் மீளத் தொகுக்கும் வசதியைத் தற்காலிகமாக முடக்கி 1.52.1 வெளியானது. பயனர், ரஸ்டை நிறுவிப் புதுப்பிக்கும் ரஸ்ட்அப் கருவிக்கு ‘அப்டேட்’ கட்டளை கொடுத்தால் தொகுப்பியும் அதனுடன் வரும் கருவிகளும் சேர்ந்தே புதியனவாகின்றன. ஏறுமுகமாக எண்ணப்படும் இவற்றைப் பதிப்பு என்பதில் யாருக்கும் மறுப்பிருக்காது.

எடிஷன் என்பது நிரலை எந்த மொழிவிதிகளின்படி வாசிப்பது என்பதைக் குறிப்பது; அது இப்படி ஏறிக்கொண்டே போவதில்லை. 2015, 2018, 2021, 2024 என இதுவரை நான்கே உள்ளன. எது வேண்டும் என்பதை ஒவ்வொரு பொதியின் (பேக்கேஜ்) ஆசிரியரும், பொதிகளைக் கட்டி நிர்வகிக்கும் கார்கோ கருவியின் அமைவுக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவிடுகிறார்; எழுதாவிட்டால் 2015 என்று கொள்ளப்படும். தொகுப்பியை எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்த வரி தானாக மாறாது. இன்றைய தொகுப்பி நான்கையும் ஏற்கிறது, அதிலும் ஒரே செயலியில் 2015இல் எழுதிய நூலகமும் 2024இல் எழுதிய நூலகமும் இணைந்து இயங்குகின்றன. எடுத்துக்காட்டாக, ‘ஏசின்க்’ என்பது 2018 முதல் மொழிக்கென ஒதுக்கப்பட்ட சொல். 2015இல் அது வெறும் பெயர்தான், ஒரு செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) அப்பெயரை இடலாம். அதை 2018இல் எழுதுபவர் அழைக்க வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் அதற்கென உள்ள குறியீட்டை இட்டால் போதும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலையும் பின் அச்சான நூலையும் ஒரே வாசகர் தடையின்றி வாசிப்பதைப் போன்றது இது.

இனி, ஒரே சொல்லால் விளையும் குழப்பத்தைச் சொல்கிறேன். 2024 எடிஷன் 1.85இல்தான், அதாவது 2025 பிப்ரவரி 20 அன்று, நிலைபெற்றது. அதற்கு முந்தைய கார்கோவிடம் 2024 என்று குறித்த பொதியைக் கொடுத்தால், இந்த எடிஷன் இந்த வெர்ஷனில் இன்னும் நிலைபெறவில்லை என்னும் பொருளில் பிழைச்செய்தி தந்து நின்றுவிடும். நம் பட்டியலின்படி அதைத் தமிழாக்கினால் ‘இந்தப் பதிப்பு இந்தப் பதிப்பில் நிலைபெறவில்லை’ என்று வரும். படிப்பவர் அமைவுக் கோப்பைத் திறந்து 2024ஐ 2021 என மாற்றிவிட்டு, பிறகு பொதியின் உள்ளே வேறு பிழைகளோடு மல்லுக்கட்டுவார். உண்மையில் அவர் செய்ய வேண்டியது தொகுப்பியைப் புதுப்பிப்பது மட்டுமே.

மறுபக்கம் ஓர் அச்சமும் உண்டு. 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தபோது பழைய நிரல்கள் பல அப்படியே ஓடாமல் போயின. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 வரை இழுத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. அதை நினைவில் வைத்திருப்பவர், புதிய பதிப்பு என்று கண்டாலே நிரல் உடைந்துவிடும் என அஞ்சிப் பாதுகாப்புத் திருத்தங்களைக்கூட நிறுவாமல் இருந்துவிடுவார். ரஸ்டில் எடிஷன் என்னும் ஏற்பாட்டின் நோக்கமே இந்த அச்சத்தை நீக்குவது என்பதால், நம் சொல் அதை வளர்க்கக்கூடாது.

சி மொழிக்கான ஜிசிசி தொகுப்பியின் வழக்கப்படி ‘தரம்’ எனலாமே என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். சி மொழிக்கு அது பொருந்தும், ஏனெனில் சி17, சி23 ஆகியவை பன்னாட்டுத் தர நிறுவனமான ஐஎஸ்ஓ வகுத்த தரங்கள். ஆனால் அங்கே நடைமுறை வேறு. 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, எதுவும் குறிப்பிடாதபோது க்னூ நீட்சிகளோடு கூடிய சி17க்குப் பதிலாக சி23ஐ எடுத்துக்கொள்கிறது. அதில் ‘பூல்’ ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டதால், அதே பெயரில் தாமே ஒரு வகையை வரையறுத்திருந்த பழைய நிரல்கள் தொகுப்பியைப் புதுப்பித்ததாலேயே தடுக்கி நின்றன. ரஸ்டின் எடிஷனை ஐஎஸ்ஓ வகுப்பதுமில்லை, அது இப்படித் தானாக மாறுவதுமில்லை.

மற்ற முன்மொழிவுகளில் ‘ஆண்டுப்பதிப்பு’ ஆண்டுதோறும் வருவதென்று தோன்றச் செய்கிறது. 2024 எடிஷன் 2025இல் வந்ததை அதை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? ‘தலைமுறை’யில் முந்தையது மூப்படைந்துவிட்டது என்ற தொனி இருக்கிறது. ‘ஊழி’ கம்பீரமான சொல்தான். ரஸ்ட் குழுவினரே 2017இல் இந்த ஏற்பாட்டை முதலில் முன்வைத்தபோது ஊழி என்னும் பொருள்படும் ‘இப்பாக்’ என்று பெயரிட்டு, பின்னர் அதைக் கைவிட்டார்கள். நம் மரபில் ஊழி முடிந்தால் உலகமே முடிகிறது. 2015இல் எழுதிய நிரலுக்கு அப்படியொன்றும் நேரவில்லை.

ஒரே மொழிக்குள் பல பயன்பாட்டு முறைகள் அருகருகே வாழ்வதைக் குறிக்கத் தமிழில் முன்பே இருக்கும் சொல் வழக்கு. உலக வழக்கு, செய்யுள் வழக்கு, வட்டார வழக்கு என எதைச் சொன்னாலும் மொழி ஒன்றுதான், பேசுபவரோ எழுதுபவரோ தேர்ந்துகொள்ளும் முறை வேறு என்பது விளங்குகிறது. எடிஷனும் அதுவே. தனியே ‘2021 வழக்கு’ என்றால் நீதிமன்ற நினைவு வரும் என்ற மறுப்பை எதிர்பார்த்தே ‘மொழிவழக்கு’ என்று சேர்த்துச் சொல்கிறேன். வழக்கு மக்களிடம் தானாக உருவாவது, எடிஷனோ குழுவொன்று முடிவுசெய்வது என்ற மறுப்பு இதைவிட வலுவானது, அதை முழுமையாகத் தீர்க்க என்னால் இயலவில்லை. ஆனாலும் பயனருக்கு முக்கியம் அது எங்கிருந்து பிறந்தது என்பதன்று, எதை மாற்றினால் எது மாறும் என்பதே.

வழிகாட்டியில் வரக்கூடிய வாக்கியங்களில் இட்டுப் பார்க்கலாம். ‘தொகுப்பியை 1.85 பதிப்புக்குப் புதுப்பித்தாலும் உங்கள் பொதியின் மொழிவழக்கு 2018ஆகவே இருக்கும்.’ ‘2024 மொழிவழக்குக்கு 1.85 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை.’ ‘மொழிவழக்கை மாற்றும் முன் கார்கோவின் திருத்தும் கட்டளையை இயக்கவும்.’ மூன்றிலும் எந்தக் கைப்பிடியைத் திருக வேண்டும் என்பதில் ஐயமில்லை. வினைச்சொல்லிலும் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்: பதிப்பைப் ‘புதுப்பிக்கிறோம்’, மொழிவழக்கை ‘மாற்றுகிறோம்’.

இதனால் பட்டியலில் இன்னொரு திருத்தமும் தேவைப்படுகிறது. இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று குறிக்கும் டெப்ரிகேட்டட் என்பதற்கு எழுதியுள்ள ‘வழக்கொழிந்த’ இப்போது மொழிவழக்கோடு மோதும். 2015 மொழிவழக்கே ஒழிந்துவிட்டதோ என்று யாரேனும் எண்ணக்கூடும். அவ்வாறு குறிக்கப்பட்ட செயற்கூறுகள் எச்சரிக்கையுடன் இன்றும் இயங்குகின்றன என்பதால் ‘தவிர்க்கத்தக்க’ என்பதே அதற்குப் பொருத்தம்.

தொகுப்பியும் அதனுடன் வரும் கருவிகளும் சேர்ந்த டூல்செயினுக்குக் ‘கருவித்தொடர்’, நைட்லி, பீட்டா, ஸ்டேபிள் என்னும் சேனலுக்குத் ‘தடம்’ ஆகியவற்றை ஏற்கிறேன். புதுப்பித்தலா, இற்றைப்படுத்தலா என்ற விவாதத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை, வழிகாட்டி முழுவதும் ஒன்றே வந்தால் சரி. மொழிவழக்கை ஏற்காதவர்கள், மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் தாங்கள் விரும்பும் சொல்லை இட்டு எழுதி அனுப்புமாறு வேண்டுகிறேன்.